இருபத்து நாலாம் ஏகாதசியும் இருபத்தாறு மைலும்

வைத்தியப் பெட்டியை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு, தலைமைப் பீடத்தைத் தண்மையோடு அலங்கரிக்கும் டாக்டர் வைத்தீஸ்வரன் அவர்களே, ஜோகுபாளையம் தமிழர் நற்பணி மன்றத்தின் நிர்வாகிகளே, முன்வரிசையில் முதுமையோடும் பின்வரிசையில் பொறுமையோடும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மடியில் குழந்தையைத் தட்டிக்கொண்டே செவியை மட்டும் எனக்குத் தந்திருக்கும் தாய்மார்களே, நாளைக் காலை ஆறு மணிக்குப் பரேட் மைதானத்தில் புறப்பட்டு, பழைய மதராஸ் சாலையில் ஹொசகோட்டைப் பக்கம் பாதி தூரம் போய்த் திரும்பி, இருபத்தாறு மைல் ஓடப் போகும் எங்கள் பேட்டையின் பதினொரு வீரர்களே, உங்கள் ஒவ்வொருவருக்குள்ளும் உறையும் பெருமாளை முதலில் கும்பிட்டு, பிறகு உங்களையும் கும்பிட்டுத் தொடங்குகிறேன்.

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். வீரர்களை வாழ்த்திப் பேச வேண்டும் என்று மன்றத்தார் கேட்டார்கள். வாழ்த்துகிறேன். வாயார வாழ்த்துகிறேன். ஆனால் வாழ்த்துவதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். சென்ற வருடம் இதே பந்தயத்தில், இதே பழைய மதராஸ் சாலையில், ஒரு பிள்ளையின் உயிரை ஊசலாட விட்டவள் யார்? உங்கள் முன்னால் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற இந்த அலர்மேல்மங்கைதான்.

என்ன அங்கே? கேக்கலையா? மைக்குக்காரரே, கொஞ்சம் ஏத்துங்கோ. குற்றத்தை முணுமுணுத்துச் சொல்ல நான் வரவில்லை.

அந்தப் பிள்ளை என் தம்பி மகன் சுந்தரராமன். தாயில்லாப் பிள்ளை. பத்து வயதிலிருந்து அத்தை வீடுதான் அவன் வீடு. தொழிற்சாலையில் படம் வரைகிற வேலை. முந்தைய வருடம் அவனுக்கு டைபாய்டு வந்தது. இருபத்தோரு நாள் ஜுரம். இருபத்தோரு நாளும் நம் தலைவர் அவர்கள் வந்து போனார்கள். பதினெட்டாம் நாள் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வைத்தியர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன அர்த்தம் என்று எந்தத் தாய்க்குத் தெரியாது?

அன்று சாயங்காலம் விளக்கேற்றி வைத்து வேண்டிக்கொண்டேன். "பெருமாளே, இவனை எழுப்பிக் கொடு. ஒரு வருஷத்து ஏகாதசி இருபத்து நாலையும் நானும் இவனும் பல்லில் தண்ணீர் படாமல் இருக்கிறோம். அதில் ஒன்று தவறினாலும் இந்த ஜுரம் என்னைப் பிடிக்கட்டும்" என்றேன். சுந்தரம் அப்போது நினைவில்லாமல் கிடந்தான். அப்படித்தான் நான் நினைத்தேன். இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை எழுந்தான். சுவரைப் பிடித்து நடந்தான். பிறகு சுவரை விட்டு நடந்தான். பிறகு அல்சூர் ஏரியைச் சுற்றி ஓடவும் ஆரம்பித்தான். எதிர் வீட்டு டென்சில் அவனுக்குத் துணை. இருவருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே சைக்கிள், ஒரே பைத்தியம். ஏகாதசி ஒன்று போயிற்று, பத்து போயிற்று, இருபத்து மூன்றும் போயிற்று. பச்சைத் தண்ணீர் கூடப் படாமல் இருவரும் முடித்தோம். மிச்சம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று எந்த நாளில் வந்தது தெரியுமா?

ஆமாம், சரியாச் சொன்னீர்கள். பந்தயத்தன்றே வந்தது.

சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அத்தை, ஏகாதசியும் ரேஸும் ஒரே நாள்ல வந்துடுத்து."

"ரேஸை அடுத்த வருஷம் ஓடிக்கோ."

"முடியாது அத்தை. ஆபீஸ்ல இன்னும் என்னை யாரும் மாடிப்படி ஏற விட மாட்டேங்கறா. பாவம், டைபாய்டு வந்தவன்ங்கறா. இதை ஓடி முடிச்சாத்தான் நான் நோயாளி இல்லேன்னு எனக்கே நம்பிக்கை வரும்."

"அப்போ ஓடு. ஆனா ஏகாதசி ஏகாதசிதான். பெருமாள் கூடவே ஓடி வருவார்."

"அவராவது சாப்பிட்டுட்டு வருவாரா?"

சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். விஷயம் தலைவர் அவர்கள் காதுக்குப் போயிற்று. நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். "மாமி, வெறும் வயித்தோட இருபத்தாறு மைலா? தண்ணி கூட இல்லாமலா? வழியிலே சுருண்டு விழுந்துடுவான்" என்றார். நான் என்ன சொன்னேன்? "உங்க மருந்து உங்களோட, என் விரதம் என்னோட" என்றேன். சொன்னேனா இல்லையா, டாக்டர்? பாருங்கள், தலையை ஆட்டுகிறார். வீடு தேடி வந்த நல்ல வார்த்தையை வாசலோடு அனுப்பியவள் நான்.

இங்கே இன்னொருவரையும் நீங்கள் அறிய வேண்டும். டென்சிலின் தாயார் டோரதி. எங்களுக்கு எதிர் வீடு. ஒன்பது வருடமாக எதிர் வீடு. அந்த ஒன்பது வருடத்தில் அவள் கையால் எதையும் நான் என் கையில் வாங்கியதில்லை. கறிவேப்பிலை கொண்டு வந்தாலும் சரி, கிறிஸ்துமஸ் பழத்தட்டு கொண்டு வந்தாலும் சரி, எங்கள் வீட்டு மதில்மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பாள். நான் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வேன். மடி. ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை. ஒரு நாளும் நான் அவள் முகத்தைப் பார்த்ததுமில்லை.

பந்தய நாள் விடிந்தது. முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டதோடு சரி, இருவர் வயிற்றிலும் ஒன்றுமில்லை. அறுபத்தேழாம் நம்பர் எழுதிய துணியை அவன் பனியனில் நானே தைத்துக் கொடுத்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். பிறகு ஜபமாலையோடு நம் ஜோகுபாளையம் திருப்பத்தில், மைல் கல் அருகில் போய் நின்றேன். கல்லின் அந்தப் பக்கம் டோரதி நின்றாள். இரண்டு ரொட்டித் துண்டும், எலுமிச்சம்பழம் பிழிந்து சர்க்கரையும் உப்பும் போட்ட ஒரு எனாமல் குவளைத் தண்ணீரும் தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள்.

ஆறே கால் தாண்டியதும் வந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர். சிப்பாய்கள், தபால்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், வெறுங்காலோடு சிலர், பூட்ஸோடு சிலர். தார் ரோட்டின்மேல் தட தட தடவென்று அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. சுந்தரம் சிரித்துக்கொண்டே போனான். டென்சில், "மாமி, ரெண்டு பேரும் சேந்து வருவோம்" என்று கத்திக்கொண்டு போனான்.

போனார்கள். இனி திரும்ப வேண்டும்.

எட்டரை மணிக்கு முதல் ஆள் திரும்பினார். ஜபமாலையில் ஒரு மணி தள்ளினேன். அடுத்த ஆள், அடுத்த மணி. தாய்மார்களே, உண்மையைச் சொல்கிறேன். அன்று என் கை நாமத்தை எண்ணவில்லை, ஆட்களை எண்ணியது. ஒன்பது மணிக்கு இருபது பேர். ஒன்பதரைக்கு ஐம்பது பேர். ஒவ்வொரு மார்பிலும் நம்பர் பார்க்கிறேன். நாற்பத்தொன்று, நூற்றெட்டு, பன்னிரண்டு, எழுபத்தாறு. அறுபத்தேழு எங்கே? எட்டே முக்காலுக்கே வர வேண்டிய டென்சில் எங்கே?

"மாமி, எம்புள்ளையையும் காணமே" என்றாள் டோரதி.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நிழலில் நிற்கிற எனக்கே இப்படியென்றால் வெயிலில் ஓடுகிறவனுக்கு எப்படி என்று அப்போதுதான், அந்த ஒன்பதே முக்கால் மணிக்குத்தான், இந்த மண்டைக்கு உறைத்தது.

அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் வண்டி எங்களைத் தாண்டிக் கிழக்கே போயிற்று. மணி அடித்துக்கொண்டே போயிற்று. சற்று நேரத்தில் திரும்பியது. இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. மெல்ல வந்தது. பின்கதவுக்கு மேலே தெரிந்தன இரண்டு கால்கள். என் கண் அந்தக் கால்களுக்கு ஓடியது. பூட்ஸ். என் பிள்ளைக்குக் கான்வாஸ். "அப்பாடா" என்றேன்.

அந்தப் பூட்ஸுக்குள் இருந்ததும் ஒருத்தி பெற்ற பிள்ளையின் கால்தானே? அவனை ஆஸ்பத்திரியில் தேற்றி அனுப்பினார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அந்த ஒரு 'அப்பாடா'வுக்காக இந்த மேடையிலிருந்து முகம் தெரியாத அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பத்து மணி. பத்தே முக்காலுக்குப் பரேட் மைதானத்தில் கொடியை இறக்கிவிடுவார்கள். அதன் பிறகு வருகிறவன் ஓடியவன் கணக்கிலேயே சேர மாட்டான். சாலை காலியாகக் கிடந்தது. தூரத்தில் இரண்டு உருவம். ஒன்று நேராக நடந்தது. இன்னொன்று சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் தள்ளாடியது. பின்னால் சைக்கிளில் சிவப்புக் கொடியும் விசிலுமாகப் பந்தயக் கமிட்டியின் கோவிந்தப்பா.

கிட்டே வந்தார்கள். சுந்தரத்தின் உதடு சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. வேர்வை நின்றுபோயிருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான் அதில் தெரியவில்லை. பக்கத்தில் டென்சில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தான். தவறிப்போய்க்கூடத் தொட்டுவிடக் கூடாதே என்று.

"பதினெட்டாவது மைல்லேர்ந்து இப்படித்தான் மாமி. மூணு எடத்துல தண்ணி நீட்டினாங்க. வாயே தொறக்கல. அடிச்சுக்கூடப் பாக்கலாம்னா ரேஸ்ல ஓடறவன யாரும் தொடக்கூடாதாம். நீங்க சொல்லுங்க, உங்க பேச்சத்தான் கேப்பான்" என்றான்.

அவன் சொல்லி முடிக்கும் முன்பே மைல் கல்லுக்கு முன்னால் சுந்தரம் முழங்காலிட்டு விழுந்தான். நான் பாய்ந்தேன். தூக்கி மடியில் போட்டுக்கொள்ளப் பாய்ந்தேன். கோவிந்தப்பா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் குறுக்கே வந்தார்.

"முட்டபேடி அம்மா, முட்டபேடி, தொடாதீங்க. நீங்க தொட்டா அவரு ரேஸ்ல இல்ல. நானே பேரை அடிச்சிடணும்."

தொடாதே. என் வாழ்நாளெல்லாம் நான் பிறருக்குச் சொன்ன வார்த்தை அது. கிணற்றடியில் சொன்னேன், கோயில் படியில் சொன்னேன், மதிலோரத்தில் சொன்னேன். அன்று பட்டப்பகலில், நடுச்சாலையில், பெற்ற பிள்ளைக்குச் சமமானவன் காலடியில் கிடக்கும்போது அதே வார்த்தை எனக்கு வந்து சேர்ந்தது. தொட்டால் அவன் பந்தயம் போச்சு. தொடாவிட்டால் அவன் உயிர் போச்சு. இதில் எதைத் தொடுவேன், எதை விடுவேன்?

"சுந்தரம், குடிடா. அந்தத் தண்ணியைக் குடி. நான் சொல்றேன்."

தலையை ஆட்டினான்.

"பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்டா. கடைசி ஏகாதசிதானே, பிராயச்சித்தம் பண்ணிக்கலாம்."

மறுபடியும் ஆட்டினான். பிறகு பேசினான். காற்றுப் போல வந்தது குரல்.

"பெருமாளுக்கு இல்லை அத்தை. நான் குடிச்சா உனக்கு ஜுரம் வரும். அன்னிக்கு விளக்குகிட்ட சொன்னியே. நான் தூங்கலை."

சபையோரே, ஒரு வருடம். இருபத்து மூன்று ஏகாதசி. பிள்ளைக்குப் பக்தி முற்றிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோயிலில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன். அவனோ அத்தையின் உயிரைத் தன் வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறான். அவனை நான் காப்பாற்றியதாக நினைத்தேனே, யார் யாரைக் காப்பாற்றியது?

திரும்பினேன். "டோரதி, அந்தக் குவளையைக் கொடு" என்றேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒன்பது வருடப் பழக்கம். குவளையை மைல் கல்லின்மேல் வைத்தாள். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள். அவள் பிள்ளையும் என் பிள்ளையும் அந்த நிலையில் இருக்கும்போதும், என் மடி கெடக்கூடாதே என்று பின்னால் போய் நின்றாள். அன்றுதான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கையில கொடு டோரதி" என்றேன்.

எடுத்துக் கொடுத்தாள். அவள் விரல் என் விரலில் பட்டது. அண்ணாந்து குடிக்கவில்லை நான். உதட்டை வைத்து, சப்பி, பாதிக் குவளை குடித்தேன். பேக்கரி ரொட்டி ஒரு துண்டை வாயில் போட்டு மென்றேன். ஏகாதசியில், நடுத்தெருவில், ஆறேழு பேர் பார்க்க. பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மி அங்கே நின்றுகொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கே ராஜலக்ஷ்மி, வந்திருக்கியா? அதோ, சிரிக்கிறாள்.

"பாரு சுந்தரம். விரதத்தை முறிச்சது நான். முதல்ல முறிச்சது நான். வர்ற ஜுரம் வரட்டும், டாக்டர் தெருக்கோடியிலதான் இருக்கார். இனிமே உன் வாய்ல என் உயிர் இல்லை. குடி."

கையில் கொடுக்க முடியாது. விரல் பட்டால் பேர் அடித்துவிடுவார்கள். என்ன செய்வேன்? மிச்சப் பாதியை அதே மைல் கல்லின்மேல் வைத்தேன். வைத்துவிட்டு நான் இரண்டடி பின்னால் போய் நின்றேன். அங்கே நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிந்தது.

கோவிந்தப்பாவைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து, மேலும் கீழும் படித்தார். "ரூல்ல கல்லப் பத்தி ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சுந்தரத்தின் கை நீண்டது. குவளையைப் பிடித்தது. பாதி மார்பில் கொட்டியது, பாதி உள்ளே போயிற்று. டோரதி ஓடிப் போய் இன்னொரு குவளை கொண்டு வந்தாள். அதுவும் கல்லின்மேல். ரொட்டியும் கல்லின்மேல். ஐந்து நிமிடம் உட்கார்ந்தான். அந்த ஐந்து நிமிடம் போல நீண்ட ஐந்து நிமிடத்தை ஆண்டவன் எனக்கு மறுபடி காட்ட வேண்டாம். மெல்ல நெற்றியில் ஒரு துளி வேர்வை. வேர்வையைப் பார்த்து நான் அழுதது அன்றுதான்.

"எந்திரி சுந்தர்" என்றான் டென்சில். "நாலாவதா வரவேண்டியவன்டா நான். உங்க பெருமாளால அது போச்சு. கொடி எறக்கறதுக்குள்ளயாவது போய்ச் சேருவோம்."

எழுந்தான். நடந்தான். பிறகு, சுவரை விட்ட அன்று நடந்தானே அப்படித் தடுமாறி, ஓடினான். மணி பத்தே கால். இன்னும் இரண்டரை மைல்.

நாங்கள் சும்மா இருப்போமா? ஒரு ஜட்கா வண்டி பிடித்து டோரதியும் நானும் ஒட்டி உட்கார்ந்துகொண்டு விரட்டினோம். டிரினிட்டி சர்ச் மூலையில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்திவிட்டார், ஓட்டக்காரர்களுக்காக வழி அடைத்திருக்கிறது என்று. மணி பத்து முப்பத்தைந்து. இறங்கினோம். மடிசாரை இழுத்துச் செருகினேன். தாய்மார்களே, ஐம்பத்து நாலு வயதில் மகாத்மா காந்தி ரோட்டில் நான் ஓடினேன். டோரதி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு மூச்சு ஓடி, நாலு மூச்சு நின்று, மறுபடி ஓடி. அந்தக் கொஞ்ச தூரத்தில் எனக்குத் தெரிந்தது, ஓடுகிறவன் எதைக் கொண்டு ஓடுகிறான் என்று. வயிற்றில் போட்டதைக் கொண்டு ஓடுகிறான். வழியில் கொடுத்தவர் கையைக் கொண்டு ஓடுகிறான்.

மைதானத்தில் போய்ச் சேர்ந்தபோது கொடியைக் கீழே மடித்துக்கொண்டிருந்தார்கள். என் கால் நின்றுபோயிற்று. யாரைக் கேட்பேன்? என்னவென்று கேட்பேன்?

புல்லில் இருந்து ஒரு குரல் வந்தது.

"அத்தை, நீதான் கடைசி."

படுத்துக் கிடந்தான். பக்கத்தில் டென்சில். பத்து நாற்பத்தொன்றுக்கு வந்திருக்கிறான். கொடி இறங்க நாலு நிமிடம் இருக்கும்போது. எண்பத்தொன்பதாவது ஆள். தொண்ணூறு டென்சில். கோட்டுக்கு முன்னால் ஓரடி நின்று இவனை முன்னே விட்டானாம். மறுநாள் ஆபீஸில் சுந்தரம் மூன்று மாடி ஏறினான். ஒருவரும் தடுக்கவில்லை.

ஒரு வருடம் ஆகிவிட்டது. எனக்கு ஜுரம் வரவில்லை. ஆடி மாதம் ஒரு ஜலதோஷம் வந்தது. தலைவர் அவர்களே சாட்சி.

இப்போது கேளுங்கள். கமிட்டிக்காரர்களுக்கு யாராவது ஒரு பஞ்சாங்கம் வாங்கிக் கொடுங்கள். நாளைக்கும் ஏகாதசிதான். நான் விரதம் இருப்பேன். என் பெருமாளை நான் விடவில்லை, அவரும் என்னை விடவில்லை. ஆனால் அடுத்தவர் வயிற்றைக் காட்டி இனி நான் அவரிடம் வேண்டிக்கொள்ள மாட்டேன். நாளைக் காலை நாலு மணிக்கு என் வீட்டு அடுப்பில் கஞ்சி கொதிக்கும். பதினொரு பேரும் வர வேண்டும். வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க, அப்புறம் ஓடுங்க. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்க்கிற சுந்தரராமா, முதல் இலை உனக்கு.

சாலையோரத்து வீட்டுக்காரர்களே, உங்கள் வாசலில் ஒரு குடம் தண்ணீர் வையுங்கள். உப்புப் போடுங்கள், சர்க்கரை போடுங்கள். ஓடி வருகிறவன் எந்தத் தெரு என்று பார்க்காதீர்கள். கொடுக்கிற கை எந்த வீட்டுக் கை என்று அவனும் பார்க்க மாட்டான். பார்க்க அவனுக்கு நேரமேது?

நாளைக்கும் அந்த மைல் கல் அருகில் நான் நிற்பேன். இந்தத் தடவை ஜபமாலையை வீட்டில் வைத்துவிட்டு வருவேன், இரண்டு கையும் வேண்டியிருக்கும். டோரதி, நீயும் வா. கல்லுக்கு அந்தப் பக்கம் வேண்டாம். இந்தப் பக்கம் வந்து நில்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், தாய்மார்களுக்கும், மைக்கை ஏற்றிக் கொடுத்த தம்பிக்கும் என் நன்றி. ஓடப் போகிற பிள்ளைகளே, போய் வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போய் வாருங்கள். வணக்கம்.